மைதானத்தின் முதல் மூன்று நிமிடம்

தை பிறந்ததும் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடுகள் விழத் தொடங்கிவிடும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். மாரி மழையின் ஈரம் மண்ணில் இன்னும் இருக்கும். பிள்ளைகள் விடியப்புறமே வந்து சுற்று எண்ணி ஓடுவார்கள். மரதன் ஓட்டம் வீதியில் நடக்கும். ஒழுங்கை முகப்புகளில் தாய்மார் தண்ணீரோடு நிற்பார்கள், ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளில் கூடவே போவார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டிய பிள்ளை முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கும். ஓரிரு நிமிடத்தில் அந்த மூச்சு வசத்துக்கு வந்துவிடும். ஏறத்தாழ எல்லோருக்கும்.

வராமற்போகும் பிள்ளையும் உண்டு. 2024 மார்ச் மாதம் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவன் ஒருவன் சுகயீனமுற்று உயிரிழந்தான். ஊர் மக்கள் வைத்தியசாலை முன் திரண்டு நீதி கேட்டார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 2015 ஜூலையில், இங்கிலாந்தின் சறே பகுதியில் நடந்த தமிழர் துடுப்பாட்ட லீக் ஆட்டம் ஒன்றில், மானிப்பாயின் பெயர் தாங்கிய கழகத்துக்காக ஆடிய 24 வயது இளைஞர் நெஞ்சில் பந்து பட்டுச் சாய்ந்தார், பிழைக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு விதமான மரணங்கள். ஆனால் இப்படியொரு சாவு விழும்போதெல்லாம் செத்த வீட்டில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: ஒரு நோய்நொடியும் இல்லாமல் ஓடி விளையாடின பிள்ளைக்கு இது எப்படி வந்தது?

அதற்கு விடை தேடப் போனால் முதலில் இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்கவேண்டும். இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் வலது மேலறையின் உச்சியில் இருக்கும் ஒரு சிறு கலக்கூட்டத்திலிருந்து மின் தூண்டலாகப் புறப்படுகிறது. மேலறைகளில் பரவி, நடுவில் ஓரிடத்தில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் தங்கி, பிறகு கீழறைகள் இரண்டையும் நொடிப்பொழுதில் நனைக்கிறது. அந்தத் தங்கல்தான் அற்புதம். மேலறையிலுள்ள இரத்தம் கீழறைக்குள் இறங்கி முடிய அது அவகாசம் கொடுக்கிறது. அப்படி ஒரு தங்கல் இல்லாவிட்டால் இதயம் அரைகுறையாய் நிரம்பியபடியே சுருங்கும். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 5 லீற்றர் இரத்தம் தள்ளும் இந்தத் தசை, 1500 மீற்றர் ஓடும் நல்ல வீரனிடம் அதைப்போல நான்கைந்து மடங்கு தள்ளுகிறது.

மின் ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும்? நல்லூர்த் தேருக்கு வடம் பிடிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேரும் ஒரே மூச்சில் இழுத்தால் தேர் அசைகிறது. ஆளாளுக்கு நினைத்த நேரத்தில் நினைத்த பக்கம் இழுத்தால், எல்லோரும் இழுத்துக் களைத்துப் போவார்கள், தேர் இருந்த இடத்திலேயே நிற்கும். கீழறைகளின் தசைநார்கள் தத்தம் போக்கில் துடிதுடிக்கும் நிலையும் அதுவே. இதயம் அசைந்துகொண்டுதான் இருக்கிறது, ஒரு சொட்டு இரத்தமும் வெளியே போகவில்லை. சில விநாடிகளில் நினைவு தப்புகிறது. சில நிமிடங்களில் மூளை அழியத் தொடங்குகிறது.

நாம் பொதுவாகச் சொல்லும் மாரடைப்பு இது அல்ல. அது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. வலி வரும், வியர்க்கும், பெரும்பாலும் வைத்தியசாலைக்குப் போக நேரம் இருக்கும். அந்த அடைப்பும் சிலவேளை மின் குலைவைக் கொண்டுவரும். 35 வயதைக் கடந்தவர்கள் மைதானத்தில் விழுந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். 35 வயதுக்குக் கீழே கதை வேறு. அங்கே காரணங்கள் பிறப்போடு வந்தவை, அல்லது காய்ச்சலோடு வந்தவை, அல்லது ஒரு பந்தோடு வருபவை.

பிறப்போடு வருபவற்றில் முதலில் சொல்லவேண்டியது இதயத் தசை தடித்துப்போகும் நோய். 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுக்க அது தெரியவே வராது. தசைக் கலங்கள் வரிசையாக அடுக்கப்படாமல் தாறுமாறாகக் கிடக்கும், இடையிடையே தழும்பு விழும், மின் தூண்டல் அந்தத் தழும்புகளில் மோதிச் சுழலும். கமரூன் நாட்டு உதைபந்தாட்ட வீரர் மார்க் விவியன் ஃபோ 2003 ஜூன் 26 ஆம் திகதி பிரான்சின் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிரான அரையிறுதியில், ஒருவரும் தன்னைத் தொடாத நேரத்தில் மைதானத்தின் நடுவட்டத்தில் விழுந்தார். வயது 28. ஐரோப்பாவின் பெரிய கழகங்களில் ஆடியவர். பிரேத பரிசோதனையில் இந்த நோய்தான் தெரியவந்தது. அதன் பிறகே 2006 உலகக் கிண்ணத்துக்கு முன்னர் வீரர்களின் இதயத்தைச் சோதிக்கும் ஏற்பாட்டை ஃபிபா கொண்டுவந்தது.

சிக்கல் என்னவென்றால், நன்றாகப் பயிற்சி எடுத்த இதயமும் பெரிதாகும். 1899 இல் சுவீடன் மருத்துவர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சை விரலால் தட்டித் தட்டி ஓசையைக் கேட்டே இதைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே வந்து நான்கு ஆண்டுகூட ஆகாத காலம். இடது கீழறையின் சுவர் சாதாரணமாக 12 மில்லிமீற்றருக்குள் இருக்கும். நோயாளியிடம் 15 ஐத் தாண்டும். கடுமையாகப் பயிலும் வீரர்கள் சிலரிடம் 13, 14 என்று இடைநடுவில் நிற்கும். அது உழைப்பா, நோயா? அனுபவமுள்ள இதய மருத்துவர்களே தயங்கும் இடம் இது. சிலவேளை மூன்று மாதம் ஓடாமல் இரு என்று சொல்லிவிட்டு மறுபடி அளப்பார்கள். உழைப்பால் தடித்த சுவர் மெலியும், நோயால் தடித்தது அப்படியே நிற்கும்.

இதில் நம்மவர்களுக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. 2009 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி முதலாசிரியராகவும், ஐதராபாத் ஆய்வு நிலையத்தின் குமாரசாமி தங்கராஜ் மூத்த ஆசிரியர்களில் ஒருவராகவும் இருந்து வெளியிட்ட ஆய்வு, இதயத் தசையின் ஒரு புரதத்தை எழுதும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் காட்டியது. இந்தியத் துணைக்கண்ட வழிவந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர் இந்தக் குறையைச் சுமக்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டுகள் முன்பு யாரோ ஒருவரிடம் நேர்ந்த எழுத்துப்பிழை, இத்தனை தலைமுறை கடந்தும் அழியாமல் வந்திருக்கிறது! காரணம், அது பிள்ளை பெறும் வயதில் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை; நடுவயதுக்குப் பிறகுதான் இதயத்தைத் தளர்த்துகிறது. இந்தக் குறை தனியாக இருந்தால் பெரிய கெடுதி செய்யாமலே போகலாம், வேறொரு குறையும் சேர்ந்தால்தான் பாரதூரமாகிறது என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓரிருவர் இதைச் சுமக்கக்கூடும் என்பது கிலி கொள்ளவேண்டிய செய்தி அல்ல. நம் இதயங்களை நாமே படித்தறியவேண்டும், ஐரோப்பிய அளவுகோலை அப்படியே எடுத்து வைத்துவிட முடியாது என்பதற்கான செய்தி.

காய்ச்சலோடு வருபவை நாம் நேரடியாகத் தடுக்கக்கூடியவை. அதனால் இவற்றைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது. முதலாவது வாதக்காய்ச்சல். தொண்டை நோவை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி போனபின், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. மூட்டு வீக்கம் மாறிவிடும், வால்வில் விழுந்த தழும்பு மாறாது. பணக்கார நாடுகளில் இந்த நோய் ஏறத்தாழ மறைந்துவிட்டது. நம்மைப் போன்ற நாடுகளில் மைதானத்து மரணங்களைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட முடியாது. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி வால்வைக் காக்கும். பழைய மருந்து, மலிவான மருந்து. ஊசி நோகும் என்றோ, பிள்ளைக்கு இப்போது சுகம்தானே என்றோ கிளினிக்குக்குப் போவதை நிறுத்தும் வீடுகளில்தான் வால்வு கெடுகிறது.

இரண்டாவது டெங்கு. யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு ஏறும். கார்த்திகை, மார்கழி, தை என்று வைத்தியசாலை விடுதிகள் நிரம்பும். அதே தையில்தான் மரதன் ஓட்டம். டெங்கு இதயத் தசையையும் அழற்சிக்கு உள்ளாக்கக்கூடியது, வேறு பல வைரசுகளும் அப்படியே. அழற்சி பட்ட தசையோடு உச்ச வேகத்தில் ஓடுவது மின் குலைவை வலிய அழைப்பது. இதயத் தசையில் அழற்சி இருந்தது உறுதியானால் குறைந்தது மூன்று மாதமாவது போட்டியைத் தள்ளிப்போடச் சொல்வதே மருத்துவ வழக்கம். வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வந்த மறுகிழமையே இல்லத்துக்குப் புள்ளி வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை ஓடவைப்பது அநியாயம். மழைக்காலம் முடிய முடியப் போட்டி வைக்கும் ஊரில், டெங்கு வந்த பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் விளையாட்டுப் பொறுப்பாசிரியரின் கையில் இருக்கவேண்டும்.

வெயிலையும் சொல்லவேண்டும். மாசி முடிந்து பங்குனி பிறந்தால் குடாநாட்டின் வெயிலும் கடற்காற்றின் ஈரப்பதனும் சேர்ந்து வியர்வையைக் காயவிடாது. உடலின் உட்சூடு 40 பாகையைத் தாண்டினால் பிள்ளை தடுமாறும், பிதற்றும், விழும். அப்போது முதல் வேலை குளிரவைப்பது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்து, விசிறவேண்டும். கிணறும் தொட்டியும் இல்லாத பாடசாலை நம் ஊரில் அரிது. வண்டியில் ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.

பந்தோடு வருவது எல்லாவற்றிலும் விசித்திரமானது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழறைகள் அடுத்ததற்காக மின்னைத் திரட்டிக்கொள்ளும். அந்தத் திரட்டலின் நடுவே ஒரு நொய்ந்த கணம் இருக்கிறது. ஒரு விநாடியை ஐம்பதாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. நேரே இதயத்தின் மேல் அந்தக் கணத்தில் ஒரு கடினமான பந்து பட்டால், எலும்பு முறியாது, தசை கிழியாது, இதயம் மட்டும் ஒழுங்கை இழந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர்கள் 1998 இல் பன்றிகளில் இதைச் செய்துகாட்டினார்கள். மணிக்கு 65 கிலோமீற்றர் அளவு வேகமே போதும். அது பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் எறியக்கூடிய வேகம்தான். வளரும் பிள்ளைகளின் விலா இளகி இருப்பதால் அவர்களே கூடுதலாக விழுகிறார்கள். நெஞ்சில் பந்து பட்டு, ஓரிரு அடி நடந்து, இளைஞர் ஒருவர் சாய்ந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். 1904 முதல் யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் ஆடிவரும் வடக்கின் பெரும் போரிலும் சரி, ஒழுங்கையில் தோல்பந்தோடு ஆடும் ஆட்டத்திலும் சரி, இந்த அபாயம் சிறிதெனினும் இருக்கிறது. நெஞ்சுக் கவசம் அதை முழுதாகத் தடுப்பதில்லை. உடனே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சியும் கொடுக்கப்பட்டவர்களில் கணிசமானோர் பிழைத்து எழுந்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடலாமே? இத்தாலி அதைத்தான் செய்தது. 1982 முதல் போட்டி விளையாட்டில் இறங்கும் ஒவ்வொருவரும் மருத்துவச் சான்று பெறவேண்டும், அதில் ஈ.சி.ஜி.யும் உண்டு. வெனிட்டோ மாநிலத்தில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் வீரர்களில் 3.6 ஆக இருந்த திடீர் இதய மரணம் கால் நூற்றாண்டில் 0.4 ஆகக் குறைந்தது என்று 2006 இல் கணக்குக் காட்டினார்கள். இஸ்ரேலும் 1997 இல் சட்டம் போட்டது. அங்கே மரணங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஜப்பான் 1973 முதல் பாடசாலைப் பிள்ளைகளின் இதயத்தைச் சோதித்துவருகிறது. என்னை மிகவும் யோசிக்கவைத்தது இங்கிலாந்தின் கணக்கு. அங்கே 1996 முதல் 2016 வரை 11,168 இளம் உதைபந்தாட்ட வீரர்களுக்கு ஈ.சி.ஜி.யும், எக்கோ எனும் ஒலியலைச் சோதனையும் எடுத்தார்கள். ஆபத்தான இதய நோய் 42 பேரிடம் பிடிபட்டது. பெரிய விஷயம்தான். ஆனால் பின்னாளில் இதயத்தால் இறந்த 8 பேரில் 6 பேருடைய சோதனை முடிவு குறையொன்றும் இல்லை என்றே வந்திருந்தது.

உலகின் பணக்காரக் கழகங்களின் வலையிலிருந்தே எட்டில் ஆறு நழுவினால், நாம் அந்த வலையை மட்டும் நம்ப முடியாது. இன்னொரு விலையும் இருக்கிறது. ஈ.சி.ஜி.யில் ஐயம் தட்டுபவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் இருக்காது. ஆனால் எக்கோவுக்குத் திகதி கிடைக்கும்வரை அந்தப் பிள்ளை அணியிலிருந்து நிறுத்தப்படும். ஊருக்குள் கதை பரவும். பெண் பிள்ளை என்றால் பத்து வருடம் கழித்துக் கலியாணம் பேசும்போதும் அவளுக்கு இருதயத்தில் ஏதோவாம் என்று ஒரு குரல் வரும். நம் சமூகத்தில் இது சின்ன விலை அல்ல. ஆகவே என் கருத்து இது: மாகாண, தேசிய மட்டத்துக்குத் தெரிவாகிறவர்களுக்கும், கீழே சொல்லும் கேள்விகளில் ஒன்றுக்கேனும் ஆம் என்று சொல்பவர்களுக்கும் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். அதற்கு ஆதார வைத்தியசாலைகளே போதும். மற்ற எல்லோரிடமும் கேள்வி கேட்டால் போதும்.

கேள்விகள் எளியவை, காசு செலவில்லாதவை. ஓடிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தது உண்டா? ஓடி முடித்து நின்றபின் தலைசுற்றுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஓட்டத்தின் நடுவிலே நினைவு தப்புவது அபாய மணி. ஓடும்போது நெஞ்சு இறுக்கியதா, நெஞ்சு படபடவென்று அடித்து நிற்காமல் போனதா? முன்பு கூட ஓடியவர்களுக்கு ஈடுகொடுத்த பிள்ளை இப்போது காரணமின்றிப் பின்தங்குகிறதா? சிறுவயதில் மூட்டு வீங்கிய காய்ச்சல் வந்ததா? குடும்பத்தில் 50 வயதுக்கு முன் யாராவது திடீரென்று இறந்தார்களா, நித்திரையில் போனவர் உண்டா, நன்றாக நீந்தத் தெரிந்தும் நீரில் மூழ்கியவர் உண்டா?

இந்தக் கடைசிக் கேள்விதான் யாழ்ப்பாணத்தில் கடினமானது. தசை தடிக்கும் நோய் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. ஆனால் முப்பது ஆண்டுப் போர் நம் குடும்பங்களின் நோய்க்கதையைக் கிழித்துப் போட்டுவிட்டது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வழியில் விழுந்து இறந்த மாமன் களைப்பால் இறந்தாரா, இதயத்தால் இறந்தாரா என்று யார் பார்த்தார்கள்? சித்தப்பா ரொறொன்ரோவில், பெரியம்மா பாரிசில். அவர்களுக்குப் பொருத்திய கருவி, கொடுத்த மருந்து, இங்குள்ள மருமகனுக்குத் தெரியாது. வெளிநாட்டில் உள்ள உறவுக்காரர்களிடம் இதை வாய்விட்டுக் கேட்கவேண்டும். உங்கள் மருத்துவர் என்ன நோய் என்று சொன்னார் என்ற ஒரு கேள்வி, ஊரிலுள்ள ஒரு பிள்ளையைக் காப்பாற்றக்கூடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எத்தனை கேட்டாலும் சோதித்தாலும் ஒரு பிள்ளை விழத்தான் போகிறது. அந்தப் பிள்ளைக்கு உள்ள மருந்து மைதானத்தில் நிற்பவர்களின் கைகள்.

கையால் நெஞ்சை அழுத்தி உயிரை நிறுத்தி வைக்கலாம் என்பது தற்செயலாகத் தெரியவந்த விஷயம். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், நாய்களின் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நிக்கர்பொக்கர் என்ற இளம் பொறியியலாளர், கனமான மின்தகடுகளை நெஞ்சில் வைத்து அழுத்தும்போதெல்லாம் இரத்த அழுத்தம் சற்று ஏறுவதைக் கண்டார். மின்சாரம் இன்னும் பாயவில்லை, பாரம் மட்டுமே. அவரும் கூவென்ஹோவன், ஜூட் ஆகிய இருவரும் 1960 இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அதுவரை நின்ற இதயத்தை இயக்க மருத்துவர்கள் நெஞ்சைப் பிளந்து கைவிட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அது எவரும் செய்யக்கூடிய வேலையாகிவிட்டது. 1965 இல் பெல்பாஸ்ட் நகரில் பான்ரிட்ஜ் என்ற மருத்துவர் மின்னதிர்ச்சிக் கருவியை அம்புலன்சில் ஏற்றினார். கார் பற்றரியில் ஓடிய அதன் நிறை 70 கிலோ. இன்று அதே வேலையைச் செய்யும் ஏ.ஈ.டி. கருவியை ஒரு பள்ளிப் பிள்ளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

2000 ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வு என் மனதைவிட்டு நீங்குவதில்லை. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் காவலர்களுக்கு நெஞ்சு அழுத்தவும் ஏ.ஈ.டி. போடவும் பழக்கினார்கள். அவர்கள் மருத்துவரோ தாதியரோ அல்லர், வாசலில் நிற்கும் காவலர்கள். விழுந்து மூன்று நிமிடத்துக்குள் மின்னதிர்ச்சி பெற்றவர்களில் 74 வீதத்தினர் உயிரோடு வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டியவர்களில் 49 வீதம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து வீதம் கரைகிறது. 2021 ஜூன் 12 ஆம் திகதி கொப்பன்ஹேகனில் விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்ரியன் எரிக்சன், உடனே நெஞ்சழுத்தமும் ஒரே ஒரு மின்னதிர்ச்சியும் பெற்று எழுந்தார். மறு ஆண்டே மறுபடி ஆடினார்.

நம் மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் நடப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கூட்டம் சூழும். பிள்ளையின் கைகால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று யாரோ கத்த, இன்னொருவர் சாவிக்கொத்தைக் கைக்குள் திணிப்பார். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், வாயில் சோடாவை ஊற்றப் பார்ப்பார்கள், பிறகு நால்வர் தூக்கி முச்சக்கர வண்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு பறப்பார்கள். எல்லோரும் பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் இதயம் நின்ற முதல் நிமிடத்தில் கைகால் இழுப்பது வழக்கம். அது மூளைக்கு இரத்தம் போகாததன் அடையாளம். இடையிடையே கொர்ரென்று ஒரு மூச்சு வரும், அது மூச்சே அல்ல. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை யாரும் மோதாமல் விழுந்து, கூப்பிட்டால் பேசாமல், ஒழுங்காக மூச்சு விடாமல் கிடந்தால், இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளவேண்டும்.

அப்போது செய்யவேண்டியது இது. மட்டமான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். ஒருவர் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கட்டும், இன்னொருவர் ஏ.ஈ.டி. இருந்தால் எடுத்துவர ஓடட்டும். நீங்கள் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஒரு உள்ளங்கையின் அடியை நெஞ்சின் நடுவில் வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் உங்கள் உடல் பாரத்தால் 5 சென்ரிமீற்றர் ஆழம் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு மேலெழ விடுங்கள். இதயம் நிரம்புவது அப்போதுதான். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், ஆளை மாற்றுங்கள், நிறுத்தாதீர்கள். விலா முறிந்துவிடுமோ என்று பயப்படவேண்டாம். முறிந்த விலா பொருந்தும். ஏ.ஈ.டி. வந்ததும் வியர்வையைத் துடைத்துத் தகடுகளை ஒட்டினால் மிச்சத்தைக் கருவியே வாய்விட்டுச் சொல்லும். தேவையில்லாத இதயத்துக்கு அது மின்சாரம் பாய்ச்சாது.

1990 இலவச அம்புலன்ஸ் சேவை இந்திய நன்கொடையுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. நல்ல சேவை. ஆயினும் உலகின் எந்த நகரத்து அம்புலன்சும் மூன்று நிமிடத்தில் வந்துவிடுவதில்லை. நெடுந்தீவில் உதைபந்தாட்டம் நடக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் வர ஏறத்தாழ ஒரு மணிநேரம் வேண்டும். அந்தத் தீவுப் பிள்ளைக்கு மைதானத்தில் நிற்கும் ஆசிரியரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்று உலகம் யோசிக்காத காலத்திலேயே மானிப்பாயில் அது நடந்தது. 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றியலையும் மருத்துவத்தையும் தமிழில் நூல்களாக்கி, உள்ளூர் இளைஞர்களை மருத்துவர்களாக்கினார். அந்த மண்ணில், நெஞ்சை அழுத்தும் ஒரு மணிநேரப் பயிற்சியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுப்பது பெரிய காரியமா? பாடசாலைகளின் முதலுதவிப் படைப் பிள்ளைகள் தூக்குப் படுக்கையோடும் ஐஸ் பெட்டியோடும் மைதான ஓரத்தில் நிற்கத்தான் செய்கிறார்கள். அவர்களிடம் இன்னும் ஒரு பயிற்சியும் ஒரு பெட்டியும் சேரவேண்டும், அவ்வளவே.

அந்தப் பெட்டிக்கான காசைப் பற்றி. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் உள்ள நம் பழைய மாணவர் சங்கங்கள் மைதானத்துக்குச் சுற்றுமதில் கட்டுகின்றன, பார்வையாளர் அரங்கு கட்டுகின்றன, கிண்ணங்கள் வழங்குகின்றன. இங்கிலாந்து அரசு தன் அரச பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் ஏ.ஈ.டி. கொடுத்து முடித்துவிட்டது. இங்கிலாந்தில் படிக்கும் உங்கள் பிள்ளையின் பாடசாலைச் சுவரில் தொங்கும் அதே பெட்டி, நீங்கள் படித்த பாடசாலையின் சுவரிலும் தொங்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். ஆடி ஆவணியில் ஊருக்கு வந்து நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் ஆட்டத்தில் இறங்கும் உங்களுக்கும் அது உதவும். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முந்தி, நடுக்கணக்கில் 53 வயதில் வருகிறது என்பது 2007 இல் வந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு. நீரிழிவோடும் புகைப்பழக்கத்தோடும் ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் 90 நிமிடம் ஓடுவது வீரம் அல்ல. வருவதற்கு முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

அதிபர்களுக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பெற்றோர் கையொப்பமிடும் படிவத்தில் அந்தக் கேள்விகளைச் சேருங்கள். காய்ச்சலில் எழுந்த பிள்ளையை ஓடவிடாதீர்கள். அடுத்த போட்டித் திகதியைக் குறிக்கும் கூட்டத்திலேயே, அன்று நெஞ்சை அழுத்தத் தெரிந்த நான்கு பேர் யார், ஏ.ஈ.டி. எங்கே இருக்கும், 1990 ஐ யார் அழைப்பது, வாசல் படலையை யார் திறந்து வைப்பது என்று பெயர் சொல்லி எழுதி வையுங்கள்.